அணியை ஆக்குபவரை எடைபோடுவது

அமெரிக்காவின் என்.எஃப்.எல். கால்பந்துத் தொடரில் 32 அணிகள் ஆடுகின்றன. ஆட்டத்தை நடத்துபவர் பயிற்சியாளர். ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் பொது மேலாளரின் வேலை. பருவம் தொடங்கும்போது 53 பேர் கொண்ட பட்டியலை அவர் கொடுத்தாக வேண்டும். அணி தோற்றால் ரசிகர்கள் முதலில் திட்டுவது இவர்கள் இருவரில் ஒருவரைத்தான். ஆனால் வெற்றி தோல்வியை மட்டும் வைத்து மேலாளரை எடைபோட்டால் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே வரும்.

அவருடைய கைகளைக் கட்டும் விதிகள் இரண்டு. ஒன்று, 1994-இல் வந்த சம்பள உச்சவரம்பு. 2024-இல் அது அணிக்கு 25.54 கோடி டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் எல்லோருக்கும் அதே வரம்புதான். மற்றொன்று டிராஃப்ட். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ஏழு சுற்றுகளில் முறை வைத்து எடுக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. ஐ.பி.எல். ஏலத்தைப் போல விலையை ஏற்றி ஆளைப் பிடிக்க முடியாது. முறையைத்தான் விற்கலாம், வாங்கலாம்.

புதியவர்களின் சம்பளமும் 2011 முதல் கட்டுக்குள் வந்தது. 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். மறு ஆண்டு அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். அன்றிலிருந்து, குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடும் இளைஞனைவிடப் பெரிய சொத்து ஓர் அணிக்கு இல்லை. ஆகவே ‘இவர் நல்ல ஆட்டக்காரரா?’ என்று கேட்பது பாதிக் கேள்விதான். அவருக்காக எவ்வளவு பணமும் எத்தனை டிராஃப்ட் முறைகளும் போயின என்பது மீதி.

அதிர்ஷ்டத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தொடரின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஏழு தடவை வென்ற டாம் பிரேடியை நியூ இங்கிலாந்து 2000-இல் 199-ஆவது ஆளாக எடுத்தது. இது தீர்க்கதரிசனம் என்றால், அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால் வேறு ஆறு பேரை அந்த அணி ஏன் எடுத்தது? பொருளியலாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்தபோது, முன்னதாக எடுக்கப்பட்டவர் அதே ஆட்ட நிலையில் அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான் என்று தெரிந்தது. நாணயத்தைச் சுண்டிவிடுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. சான் பிரான்சிஸ்கோ 2021-இல் பல முதல் சுற்று முறைகளைக் கொடுத்து மூன்றாம் இடத்தில் எடுத்த, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கான டிரே லான்ஸ் நிலைக்கவில்லை. மறு ஆண்டின் டிராஃப்டில் கடைசி ஆளாக, 262-ஆவதாக வந்த பிராக் பர்டி அந்த இடத்தைப் பிடித்தார். ஒரே நிர்வாகத்தின் மோசமான முடிவும் எதிர்பாராத லாபமும் இவை. பர்டியைக் காட்டி லான்ஸ் கணக்கை அழிக்கக் கூடாது.

விலையையும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க, லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸும் டெட்ராய்ட் லயன்ஸும் 2021-இல் செய்த பரிமாற்றமே சிறந்த பாடம். ராம்ஸின் மேலாளர் லெஸ் ஸ்னீட், அனுபவசாலி குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டைப் பெறத் தன் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், இரண்டு முதல் சுற்று முறைகள், ஒரு மூன்றாம் சுற்று முறை ஆகியவற்றைக் கொடுத்தார். காஃபுக்கு முன்பே கொடுத்திருந்த போனஸும் வினையானது. போனஸ் ஒரே தடவையில் கொடுக்கப்பட்டாலும் உச்சவரம்புக் கணக்கில் அதை ஐந்து ஆண்டுகள் வரை பரப்பி எழுதலாம். ஆளை அனுப்பிவிட்டால் எழுதாத மிச்சம் கணக்கில் வந்து விழும். அப்படி இரண்டு கோடி டாலருக்கும் மேல் ராம்ஸின் தலையில் விழுந்தது. காஃப் ஆடியதோ வேறோர் ஊரில். ஆனாலும் அந்தப் பருவத்திலேயே ராம்ஸ் சின்சினாட்டியை 23-20 என்று வென்று சூப்பர் பௌலைத் தூக்கியது.

அடுத்த பருவத்தில் ராம்ஸுக்கு 5 வெற்றி, 12 தோல்வி. அந்தச் சரிவால் டெட்ராய்ட் கையிலிருந்த ராம்ஸின் 2023 முறை ஆறாம் இடத்துக்கு உயர்ந்தது. அங்கே மேலாளராக இருந்த பிராட் ஹோம்ஸ், முன்பு ராம்ஸில் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேடும் பிரிவை நடத்தியவர். அவர் அந்த ஆறாம் இடத்தை அரிசோனாவிடம் கொடுத்துக் கீழே இறங்கி, 12-ஆவதாக ஓட்டக்காரர் ஜமீர் கிப்ஸையும் 34-ஆவதாக சாம் லபோர்ட்டாவையும் எடுத்தார். ஓட்டக்காரரை இவ்வளவு முன்னால் எடுப்பது வீண் என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். டிராஃப்ட் முடிந்த மறுநாளே மதிப்பெண் போடும் பழக்கத்தின் லட்சணம் அது. அந்தப் பருவத்திலேயே டெட்ராய்ட், சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டமான மாநாட்டு இறுதி ஆட்டம் வரை போனது. வழியில் அது 24-23 என்று வீழ்த்தியது ராம்ஸைத்தான்.

இதில் ஏமாந்தவர் யாருமில்லை. ஸ்னீடுக்கு உடனடிக் கோப்பை தேவைப்பட்டது, ஹோம்ஸுக்கு நீடித்த அணி தேவைப்பட்டது. கையில் இருந்ததைக் கொண்டு இருவரும் தத்தம் தேவைக்கு ஏற்ற விலையைத்தான் கொடுத்தார்கள்.