பொட்டலத்தில் இருப்பது என்ன?

2020 நவம்பரில் அதிபர் தேர்தலோடு நடந்த வாக்கெடுப்பில், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து வாக்காளர்களில் 58 சதவீதம் பேர் ஒரு புதிய சட்டத்துக்கு ஆதரவளித்தார்கள். சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பவரைக் கைது செய்ய வேண்டாம். 100 டாலர் அபராதச் சீட்டு கொடுத்தால் போதும். உதவி எண்ணை அழைத்து உடல்நலப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் அபராதமும் தள்ளுபடி. ‘மெஷர் 110’ என்ற இந்தச் சட்டம் 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று அது முடிவுக்கு வந்தது. ஹெராயினோ ஃபென்டனிலோ கையில் இருந்தால் ஒரிகனில் இப்போது பழையபடி குற்ற வழக்குதான்.

இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில், போர்ட்லாந்து நகர நடைபாதைகளில் பட்டப்பகலில் அலுமினியத் தாளை வைத்து ஃபென்டனில் புகைப்பவர்களைத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் காட்டின. 2019உடன் ஒப்பிட்டால், 2022இல் ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகைப் போதை அளவு மீறி இறந்தவர்கள் மும்மடங்குக்கும் மேல். ‘சட்டத்தைத் தளர்த்தினால் இதுதான் நடக்கும்’ என்று உலகம் முழுக்கப் பலரும் ஒரிகனைச் சுட்டிக்காட்டுகிறார்கள். போதைப்பொருளுக்குச் சட்டம் வழிவிட்டால் சாவு கூடுமா, குறையுமா? விற்பவன் காணாமல் போவானா, கொழுப்பானா? இந்தக் கேள்விகளுக்கு ஒரிகன் தரும் விடை, தொலைக்காட்சி காட்டிய அளவுக்கு எளிதானதல்ல.

மெஷர் 110 பற்றி 2023இல் வந்த ஓர் ஆய்வு, சட்டத்தால் சாவு கூடியது என்றது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது. 2024இல் வந்த மூன்றாவது ஆய்வு, ஃபென்டனில் எந்த மாநிலச் சந்தைக்குள் எப்போது நுழைந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தது. சேர்த்ததும், சட்டத்துக்கும் சாவுக்கும் இருந்ததாகத் தெரிந்த தொடர்பு மறைந்துவிட்டது.

இதற்குப் பின்னால் சந்தையின் கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் விற்ற ஹெராயின் வெள்ளைத் தூள். அதில் ஃபென்டனில் தூளைக் கலப்பது எளிது. அதனால் 2014 வாக்கிலேயே அங்கு சாவு ஏறத் தொடங்கியது. மேற்குக் கரையில் விற்றதோ மெக்சிகோவிலிருந்து வந்த, தார் போன்ற கறுப்பு ஹெராயின். அதில் தூளைக் கலப்பது கடினம். அதனால் மேற்கு மாநிலங்களுக்கு ஃபென்டனில் சில ஆண்டுகள் பிந்தித்தான் வந்தது. அதுவும் பெரும்பாலும் போலி மாத்திரைகளாக. ஒரிகனில் புதிய சட்டமும் இந்தச் சரக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லாத அலாஸ்காவிலும் 2023இல் சாவு கூடியது.

ஹெராயினைப்போல ஏறக்குறைய 50 மடங்கு வீரியம் கொண்டது ஃபென்டனில். சுமார் 2 மில்லிகிராம், அதாவது சில உப்புத் துகள்கள் அளவு, பழக்கமில்லாதவரைக் கொன்றுவிடக்கூடும். ஓபியாய்டு வகை மருந்துகள் எல்லாமே மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தமாக்குகின்றன. தினமும் எடுப்பவரின் உடல் அதற்குப் பழகிப்போகிறது. ஆனால் சில வாரங்கள் விட்டாலும் அந்தத் தாங்குசக்தி போய்விடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆக, அளவு மீறிச் சாவது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: வாங்கிய பொட்டலத்தில் என்ன, எவ்வளவு இருக்கிறது, எடுப்பவரின் உடல் எந்த நிலையில் இருக்கிறது. அபராதச் சீட்டு இவை இரண்டில் ஒன்றையும் மாற்றுவதில்லை.

சிறை மாற்றுகிறது, ஆனால் தவறான திசையில். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் அளவு மீறி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு என்று காட்டியது. உள்ளே இருந்த காலத்தில் தாங்குசக்தி போய்விட்டது, ஆசை போகவில்லை. தடைச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தடை இன்னொன்றையும் செய்கிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, கள்ளக் கடத்தலில் பீர் ஓரங்கட்டப்பட்டு, வீரியமான சாராய வகைகள் முன்னுக்கு வந்தன. காரணம் சாதாரணக் கணக்கு: ஒளித்துக் கொண்டுபோக வேண்டுமென்றால் சிறிய இடத்தில் அதிகப் போதை அடங்க வேண்டும். அதே கணக்குதான் அபினியிலிருந்து ஹெராயினுக்கும், ஹெராயினிலிருந்து ஃபென்டனிலுக்கும் கடத்தல்காரர்களை நகர்த்தியது. ஃபென்டனிலுக்குக் கசகசாச் செடிகூட வேண்டாம். வேதிப்பொருளும் ஒரு கொட்டகையும் போதும்.

போர்ச்சுகலில் நடந்தது

ஒரிகன்காரர்கள் முன்மாதிரியாகக் கொண்டது போர்ச்சுகலை. 1990களில் அந்த நாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் ஹெராயினில் சிக்கியிருந்தார்கள். லிஸ்பனின் கசால் வென்டோசோ பகுதி ஐரோப்பாவின் பெரிய திறந்தவெளிப் போதைச் சந்தைகளில் ஒன்றாக இருந்தது. 2001 ஜூலை 1 முதல், பத்து நாள் தேவைக்குள் அடங்கும் அளவு (ஹெராயின் என்றால் 1 கிராம், கொக்கெயின் என்றால் 2 கிராம்) வைத்திருப்பது அங்கே குற்றமல்ல, விதிமீறல் மட்டுமே. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்த மூவர் குழுவின் முன் உட்கார வேண்டும். அந்தக் குழு அவரோடு பேசி, தேவையென்றால் சிகிச்சைக்கு அனுப்பும்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது சட்டத்தின் இந்தப் பாதியைத்தான். மறுபாதி, சிகிச்சை. ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெதடோன் வழங்கும் மையங்கள், ஊசி மாற்றும் திட்டங்கள், தெருவில் இறங்கி ஆட்களைத் தேடிப்போகும் பணியாளர்கள் என்று அரசு பணத்தைக் கொட்டியது. இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஜுவாங் கூலாவ் ஒரு மருத்துவர் என்பது தற்செயல் இல்லை. ஊசி வழியாகப் போதை எடுப்பவர்களிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று மிகக் கடுமையாகச் சரிந்தது. அளவு மீறிச் சாகும் விகிதம் மேற்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. 2012க்குப் பிறகு, நிதி நெருக்கடியில் இந்தத் துறையைக் கலைத்து மாற்றி, பணத்தைச் சுருக்கினார்கள். சில ஆண்டுகளில் போர்ட்டோ நகரவாசிகள் தெருவில் ஊசி கிடப்பதாகப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். சட்டத்தின் அடிப்படை அப்போது மாறியிருக்கவில்லை.

ஒரிகன் எடுத்துக்கொண்டது சட்டத்தை, சிகிச்சையை அல்ல. சிகிச்சைக்கென்று ஒதுக்கிய கஞ்சா வரிப் பணத்தின் பெரும்பகுதி, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வரை நிறுவனங்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அபராதச் சீட்டு வாங்கியவர்களில் முதல் ஆண்டில் உதவி எண்ணை அழைத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். மூவர் குழு போன்ற எதுவும் அங்கே இருக்கவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டாலும் கேட்க ஆள் இருக்கவில்லை.

விற்பவனைப் பொறுத்தவரை போர்ச்சுகல் எதையும் தளர்த்தவில்லை. கடத்தலுக்கு 4 முதல் 12 ஆண்டு சிறை என்பது அப்படியே இருந்தது. அதனால் பொட்டலம் அதே ஆளிடமிருந்துதான் வந்தது. உள்ளே இருப்பது என்ன என்று அவனுக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்குபவரைக் குற்றவாளி ஆக்காமல் விடுவதால் கள்ள விற்பனை ஒழியும் என்று யாராவது சொன்னால், அதை நம்ப வேண்டியதில்லை.

அரசே ஹெராயின் கொடுத்தபோது

விற்பவனின் பிழைப்பில் உண்மையாகவே கைவைத்தது சுவிட்சர்லாந்து. ஜூரிக் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி பிளாட்ஸ்பிட்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. 1980களின் இறுதியில் அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடி வெளிப்படையாக ஊசி போட்டுக்கொண்டார்கள். போலீஸ் கண்டும் காணாமல் இருந்தது. 1992 பிப்ரவரியில் பூங்காவை இழுத்து மூடினார்கள். கூட்டம் அப்படியே பக்கத்திலிருந்த லெட்டன் என்ற பழைய ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. 1995இல் அதையும் மூடினார்கள். இந்த முறை கூட்டம் கலைந்தது, ஏனென்றால் போவதற்கு வேறு இடம் இருந்தது.

1994இல் சுவிஸ் அரசு, மற்ற சிகிச்சைகள் பலிக்காத நாள்பட்ட ஹெராயின் அடிமைகளுக்கு மருத்துவமனையிலேயே ஹெராயின் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மருந்துத் தரத்தில் தயாரித்தது; மில்லிகிராம் கணக்கில் அளந்தது; பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை, செவிலியர் கண்முன் போட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் வீட்டுக்கு எடுத்துப் போகும் கதை கிடையாது. எந்தக் காலத்திலும் இந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் நாட்டின் ஹெராயின் அடிமைகளில் சிறு பங்கினர்தான், பெரும்பாலோருக்கு மெதடோன். ஆனால் இந்தச் சிறு பங்கினரே சந்தையின் பெரிய வாடிக்கையாளர்கள். தங்கள் தேவைக்குக் காசு பார்க்க, வாங்கியதில் கொஞ்சத்தைப் பிரித்துப் புதியவர்களுக்கு விற்றவர்களும் இவர்களில் நிறைய. மொத்த வியாபாரிக்கும் தெருவுக்கும் நடுவில் நின்ற இந்த ஆட்கள் மருத்துவமனை வரிசைக்குப் போனதும், சில்லறை வியாபாரத்துக்கு ஆள் குறைந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் செய்த திருட்டுகளும் வெகுவாகக் குறைந்தன.

அரசே ஹெராயின் கொடுத்தால் இளைஞர்கள் ஓடிவந்து பழகிக்கொள்வார்கள் என்ற பயம் அங்கேயும் இருந்தது. ஜூரிக் மாகாணத்தில் புதிதாக ஹெராயினுக்குப் பழகியவர்கள் 1990இல் சுமார் 850 பேர்; 2002இல் சுமார் 150 பேர் என்று 2006இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. செவிலியரிடம் வரிசையில் நின்று வாங்கும் ஒரு பொருளில் கவர்ச்சி என்ன இருக்கும்? 2008இல் சுவிஸ் வாக்காளர்களில் 68 சதவீதம் பேர் இதை நிரந்தரச் சட்டமாக்க ஒப்புதல் அளித்தார்கள். ஊரறிந்த பழமைவாத நாடு அது. பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை கொடுத்ததே 1971இல்தான்.

கடை திறந்தால்?

மருத்துவமனை வேண்டாம், கடையிலேயே விற்றால் என்ன என்பது அடுத்த கேள்வி. கஞ்சாவில் இது நடந்திருக்கிறது. கனடா 2018 அக்டோபர் 17 அன்று கடை திறந்தது. தொடக்கத்தில் கடைச் சரக்கு விலை கூடுதல், கள்ளச் சந்தை தாக்குப்பிடித்தது. விலை இறங்கி, கடைகள் பெருகியதும் பெரும்பாலோர் கடைக்கு மாறினார்கள். கலிஃபோர்னியாவிலோ வரி அதிகம், பல ஊர்களில் கடைக்கு அனுமதியே இல்லை. அங்கே கள்ளச் சந்தை இன்றும் பெரிதாகவே இருக்கிறது. சட்டபூர்வக் கடை கள்ள விற்பனையைத் தானாக விரட்டாது, விலையும் தூரமும்தான் விரட்டும். இதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மாநிலமெங்கும் டாஸ்மாக் திறந்துதான் இருந்தது.

கஞ்சாவுக்குச் சரிவந்தது ஹெராயினுக்கு வராது. கஞ்சா மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. ஓபியாய்டைக் கம்பெனிகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கா பார்த்துவிட்டது. 1996இல் பர்டூ ஃபார்மா ‘ஆக்ஸிகான்டின்’ வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சட்டபூர்வமான மருந்து, சுத்தமான மருந்து, அளவு அச்சிட்ட மருந்து. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். இன்றைய அமெரிக்கச் சாவுகளின் தொடக்கப்புள்ளி தெருமுனை வியாபாரி அல்ல, அந்த விற்பனைப் பிரதிநிதிதான். அதன் இணை நிறுவனம் 2007லும், கம்பெனியே 2020லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் புகையிலை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. மதுவால் 2019இல் மட்டும் 26 லட்சம் பேர் இறந்தார்கள். தடை செய்த போதைப்பொருள்கள் அத்தனையும் சேர்ந்தும் இந்த எண்களின் பக்கத்தில் வருவதில்லை. விளம்பரமும் லாபமும் சேர்ந்த விற்பனை, பயன்படுத்துவோரைப் பெருக்காமல் விடாது.

டாக்டர் சீட்டு மட்டும் போதாது என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சாட்சி. தெருச் சரக்குக்குப் பதிலாக ‘ஹைட்ரோமார்ஃபோன்’ மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பகுதி மாத்திரைகள் வெளியே விலைபோயின. 2025 பிப்ரவரியில், இனி மருத்துவப் பணியாளர் கண்முன்தான் விழுங்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். சுவிஸ்காரர்கள் 30 ஆண்டுகளுக்கு முன் செய்தது இதைத்தான்.

தூக்குக் கயிறும் ஒரு வழி என்று நம்பும் நாடுகள் உண்டு. 2022 ஏப்ரலில் 42.7 கிராம் ஹெராயினுக்காகச் சிங்கப்பூர் தூக்கிலிட்டவர் ஒரு மலேசியத் தமிழர். சரக்கை அனுப்பியவர்கள் அந்தத் தூக்குமேடைக்கு வருவது அபூர்வம்.

இத்தனை நாடுகளின் அனுபவத்தையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது: எடுப்பவரைச் சிறைக்கு அனுப்புவது சாவைக் குறைக்காது, அனுப்பாமல் விட்டுவிடுவது மட்டுமே கூடச் சாவைக் குறைக்காது. சிகிச்சைக்குப் பணம் செலவிட்ட இடங்களில் சாவு குறைந்தது. மிக மோசமாகச் சிக்கியவர்களுக்கு செவிலியர் கண்முன் மருந்து கொடுத்த இடத்தில் வியாபாரியும் வாடிக்கையாளரை இழந்தான். ஹெராயினைக் கடையில் வைப்பது இவை இரண்டையும் கெடுக்கும்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டப்படி, ஹெராயினோ கொக்கெயினோ எடுத்ததற்காக மட்டுமே ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்தோ எடுத்தோ சிக்கிய அடிமை தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. போலீஸ் பிடியில் பிள்ளை சிக்கி நிற்கும் பெற்றோர் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பிரிவைப் பற்றித்தான். மத்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் 14446.