மணியோசை ஓய்ந்த பின் செவிக்கு எட்டுவது எது?

தைப்பூசத் திருநாள். ஆலயத்தில் தீபாராதனை நடைபெறுகிறது. கண்டாமணி அதிர்கிறது, நாதசுரமும் தவிலும் கெட்டிமேளமாய் முழங்குகின்றன. கற்பூர ஒளியில் பெருமானைத் தரிசித்த பக்தர்கள் கரம் குவித்து நிற்கின்றனர். வாத்தியம் நின்ற மறுகணமே ஓதுவார் திருமுறையைத் தொடங்குகிறார். ஆயினும், அருகில் நிற்பவருக்கும் அதன் தொடக்கம் தெளிவாகக் கேட்பதில்லை. ஓதுவாரின் குரல் மீது குறையில்லை. முன்னே ஒலித்த ஓசை, பின்னே வரும் ஓசையை மறைத்துவிடுகிறது.

பேரொலி நின்ற பின்னரும், ஏறத்தாழ 200 மில்லி விநாடி நேரம், அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, செவி மெல்லொலிகளை உணரும் ஆற்றலில் குன்றியிருக்கும் என்பது ஒலியியல் அறிஞர் கண்ட உண்மை. பத்துமலை போன்ற குகைக் கோயிலில் இதனுடன் எதிரொலியும் சேர்ந்துகொள்கிறது. சுண்ணாம்புப் பாறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் முந்தைய ஓசை உடனே அடங்குவதில்லை.

முன்னொலி எப்போதும் பகையன்று. பாடகர் பாடத் தொடங்கும் முன் தம்புரா மீட்டப்படுவதன் பயன் இங்கே விளங்கும். இடையறாது ஒலிக்கும் அந்தச் சுருதியைப் பற்றிக்கொண்ட செவி, பின்வரும் சுரத்தின் நுண்ணிய பிழையையும் எளிதில் அறிந்துகொள்கிறது. மெல்லிய முன்னொலி செவியைப் பண்படுத்துகிறது. மிகுந்த முன்னொலி அதனைக் களைப்படையச் செய்கிறது.

இறைவன் படைப்பில் செவிக்குக் காவலும் உண்டு. பேரொலி கேட்டதும் நடுச்செவியின் மிகச் சிறிய தசை சுருங்கி, அங்கவடி எலும்பை இறுக்கி, ஒலியின் வலிமையைத் தணிக்கிறது. ஆனால், அத்தசை சுருங்கச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே, திடீரென வெடிக்கும் வெடியின் ஓசையிலிருந்து அது செவியைக் காப்பதில்லை. நெடுநேரம் தொடரும் முழக்கத்தையும் அதனால் முற்றிலும் தாங்க இயலாது.

உறுமி மேளமும் ஒலிபெருக்கியும் அருகருகே முழங்கும் இடத்தில் சில மணி நேரம் நின்றவர், வீடு திரும்பிய பின் காது அடைத்தாற்போலவும் உள்ளே இரைவது போலவும் உணர்வதுண்டு. மறுநாள் காலையில் அது தெளிந்துவிட்டால் கவலையை மறந்துவிடுகின்றனர். 2009ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. எலிகளை 100 டெசிபல் ஒலியில் 2 மணி நேரம் வைத்து அவர்கள் சோதித்தனர். கேட்கும் ஆற்றல் நாளடைவில் மீண்டது. ஆனால், செவியையும் நரம்பையும் இணைக்கும் தொடர்புகளுள் பல மீளவே இல்லை. மனிதரிடமும் இவ்வாறு நேர்ந்தால், கூட்டத்தின் இரைச்சலிடையே பேச்சைப் பிரித்தறிவது கடினமாகலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

தொழிலிடங்களில் 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்தது. அக்கணக்கின்படி 100 டெசிபலுக்கு உரிய நேரம் 15 நிமிடமே. கைக்கெட்டும் தொலைவில் இருப்பவரிடமும் உரக்கக் கூவிப் பேச வேண்டியிருந்தால், அவ்விடத்தின் ஒலி 85 டெசிபலைக் கடந்திருக்கக் கூடும் என அறியலாம்.

மங்கல வாத்தியமின்றித் திருவிழா இல்லை. அதனை முழக்கும் கலைஞரின் செவியே முதலில் தேய்கிறது என்பதை ஆலய நிர்வாகத்தினர் உணர வேண்டும். அவர்களுக்கு முறை வைத்து ஓய்வளிக்கலாம், காதடைப்பான் வழங்கலாம். ஒலிபெருக்கியின் வாய் கைக்குழந்தைகளுடன் தாய்மார் அமரும் பக்கம் நோக்காதவாறு அமைக்கலாம். தீபாராதனை முடிந்து, மணியின் ரீங்காரம் முற்றும் அடங்கிய பின் ஓதுவார் தொடங்கலாம். அந்தச் சிறு மௌனத்திற்குச் செலவேதும் இல்லை. திருமுறையின் முதற்சொல் அப்போது கடைசி வரிசையில் நிற்கும் முதியவரின் செவியையும் சென்றடையும்.