ஜவ்வாது மணக்கும் மலை

ஜவ்வாது என்றதும் நேயர்களுக்குப் பரிமளப் பொடி ஞாபகம் வரும். அதே பெயரில் நம் தமிழ்நாட்டில் ஒரு மலை இருக்கிறது. சந்தன மரத்துக்குப் பேர்போன மலை!

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இது, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். மேலே ஏறினால் ஜமுனாமரத்தூர். சுற்றிலும் சாமைக் கொல்லைகள். இங்கே வாழும் பழங்குடிகளுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்காரர்களோ என்று மயங்கிவிடாதீர்கள்! மலையை ஆள்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த வம்சம் என்று கதை சொல்லுவார்கள்.

இருட்டும் தெளிந்த வானமும் இந்த மலையின் இன்னொரு செல்வம். அதைக் கண்டுதான் 1968-ல் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் அறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு.

வானத்தை அளந்த மலையில் வயிற்றுப்பாடு தீர்ந்ததா? மானாவாரிச் சாமை எத்தனை நாளைக்கு வரும்? ஆண்கள் கூலி தேடிக் கீழே இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி, சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர்களில் இந்த மலைவாசிகளும் உண்டு.

அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்தில், ஆநிரை மீட்டு மடிந்த வீரர்களுக்குப் பல்லவர் காலத்தில் நட்ட கற்கள் இன்றும் நிற்கின்றன. கூலிக்குப் போய் மடிந்தவர்களுக்குக் கல் வேண்டாம். அவர்கள் பிள்ளைகளுக்கு மலையிலேயே பிழைக்க வழி பிறந்தால் போதும்.