இறக்கத்தில் இரையும் எஞ்சின்

தெல்தெனியவிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வீதி, உடதும்பரவுக்கு அப்பால் ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற மடிப்புகளில் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸ் சிலவேளை விநோதமாக நடந்துகொள்ளும். அக்ஸிலரேட்டரில் கால் இல்லை. ஆனாலும் எஞ்சின் இரையும்.

பழுதல்ல, பற்றரி நிரம்பிவிட்டது. ஹைபிரிட்டிலும் முழு மின்சாரக் காரிலும் வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறிப் பற்றரியை ஏற்றுகிறது. 1,500 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் சக்தி சுமார் 2 யூனிட். மின்பட்டியலில் நாம் காசு கட்டும் அதே யூனிட். உராய்வும் காற்றும் ஒரு பங்கைத் தின்றாலும் மிச்சத்தை வைக்கப் பிரியஸில் இடம் போதாது. நம் வீதிகளில் அதிகம் ஓடும் பழைய பிரியஸின் பற்றரி 1.3 யூனிட்தான், அதிலும் ஒரு பகுதியையே பயன்படுத்தும். மிஞ்சுவதை எஞ்சினைச் சுழற்றியோ பிரேக்கைத் தேய்த்தோ செலவழிக்க வேண்டும். 2010இல் வந்த நிசான் லீஃப் என்ற முழு மின்சாரக் காரின் பற்றரியோ 24 யூனிட். மலை உச்சியில் நிரம்பியிராவிட்டால் இறக்கம் முழுவதையும் விழுங்கிவிடும்.

ஒரு லீஃப் பற்றரிக்குப் பதினெட்டுப் பிரியஸ் பற்றரிகள். டொயோட்டாவின் வாதமும் இந்த வழியில்தான் போகிறது: நீண்ட தூரம் ஓடும் ஒரு மின்சாரக் காருக்கு வேண்டிய கனிமங்களில் 90 ஹைபிரிட்கள் செய்யலாம் என்கிறது அது. கணக்கில் நியாயம் உண்டு. ஆனால் 1997 முதல் ஹைபிரிட்டில் போட்ட முதலீடும் எஞ்சின் தொழிற்சாலைகளும் அந்தக் கணக்கை அதற்கு இன்னும் இனிப்பாக்குகின்றன என்றே நினைக்கிறேன். பிவைடி 1995இல் பற்றரி செய்யத் தொடங்கி, 2003இல்தான் கார்த் தொழிலுக்கு வந்த கம்பனி. எஞ்சின் ஒழிந்தால் அதற்கு இழப்புக் குறைவு. வோக்ஸ்வேகன் மின்சாரத்தின் பக்கம் வேகமாகத் திரும்பியது, 2015இல் டீசல் புகை மோசடியில் பிடிபட்ட பிறகு.

டொயோட்டாவின் கணக்கில் சேராத ஒன்று, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது, தெல்தெனியவில் கண்ணெதிரே கிடக்கிறது. பழைய ஊரை மூழ்கடித்த விக்டோரியா நீர்த்தேக்கம், 210 மெகாவாட் மின்நிலையத்தை ஓட்டுகிறது. பெற்றோலோ முழுக்கக் கப்பலில் வருவது.

ஆனால் ஏற்றத்தில் கதை மாறும். குளிரூட்டும் ஏற்பாடில்லாத பழைய லீஃப் பற்றரி, வெப்பத்தில் கொள்ளளவை இழந்துகொண்டே வரும். மகியங்கனையிலிருந்து மேலேறும்போது அந்தக் குறை மீட்டரில் தெரியும். பிரியஸ்காரருக்குப் பெற்றோல் ஷெட் போதும். 2022இல் வெறும் பெற்றோல் கார்களைக் கைவிட்ட பிவைடியும், செருகி மின்னேற்றும் ஹைபிரிட்களை இன்றுவரை விடவில்லை.