சோம்பலா, நோயா? தீராத களைப்பைப் புரிந்துகொள்வோம்



“எழுந்து நாலு வேலையைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்.” களைத்துப் படுத்திருப்பவரிடம் நாம் எளிதாகச் சொல்லிவிடும் வார்த்தை இது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் ஒரு நோய் இருக்கிறது. அந்த நோயாளி இந்த அறிவுரைக்குக் கீழ்ப்படிந்தால் அவருடைய நிலைமை இன்னும் மோசமாகும். அதுதான் ‘குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’ எனப்படும் நாட்பட்ட களைப்பு நோய். இதை எம்.ஈ. என்றும் அழைக்கிறார்கள்.

பங்குப் பணியில் இருக்கும் நாமும் இத்தவற்றைச் செய்திருக்கிறோம். காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்த இளம்பெண் ஒருவரிடம், “பாடற்குழுவுக்கு வாம்மா, மனம் தெளியும்” என்றோம். வந்தார், பாடினார், சிரித்தார். நமக்கு மகிழ்ச்சி. அதற்குப் பின் நான்கு நாள்கள் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்பதை அவருடைய தாயார் பின்னரே சொன்னார். அவர் வர முடிந்த நாளை மட்டுமே நாம் பார்த்தோம், வர முடியாத நாள்களைப் பார்க்கவில்லை.

இந்த நோயை உலகம் நம்ப மறுத்த கதை பழையது. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர்கள் இருநூறுக்கும் அதிகமானோர் ஒருசேர நோயுற்றனர். 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள், பழைய குறிப்பேடுகளை மட்டும் படித்துவிட்டு, இது கூட்டமாகப் பரவிய மனக்கோளாறு என்று எழுதினர். நோயுற்றவர்களில் மிகப் பலர் பெண்கள் என்பதையும் அதற்கு ஒரு சான்றாகக் காட்டினர். அந்தச் சந்தேகம் நோயாளிகளை நெடுங்காலம் துரத்தியது.

அப்படியானால் மருத்துவர்கள் இதை எப்படிக் கண்டறிகிறார்கள்? இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-இல் வெளியிட்ட வரையறையின்படி மூன்று அறிகுறிகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதலாவது, முன்பு செய்துவந்த வேலை, படிப்பு, பழக்கவழக்கங்களைச் செய்ய முடியாத அளவு களைப்பு. அது ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். பிறவியிலிருந்தே இருப்பதாகவோ, அளவுக்கு மீறி உழைத்ததால் வந்ததாகவோ இருக்கக் கூடாது. ஓய்வெடுத்தாலும் பெரிதாகக் குறையாது.

இரண்டாவது, உழைப்புக்குப் பின் வரும் தளர்வு. இதுவே இந்நோயின் தனி அடையாளம். குளிப்பது, கடைக்குப் போவது, ஒரு மணி நேரம் படிப்பது போன்ற சிறு உழைப்புகூட எல்லா அறிகுறிகளையும் கூட்டிவிடும். பெரும்பாலும் அது உடனே தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்துத் தாக்கி, நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீடிக்கும்.

மூன்றாவது, இரவு முழுவதும் தூங்கியும் தூங்காதவர் போல எழுவது.

இவற்றோடு பின்வரும் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒன்று, நினைவாற்றலும் சிந்தனையும் மங்குவது. மற்றது, நிமிர்ந்து நிற்கும்போது தலைச்சுற்றல், படபடப்பு போன்றவை கூடி, படுத்தால் குறைவது. தசைவலி, மூட்டுவலி, தலைவலி, தொண்டைவலி ஆகியவையும் பலருக்கு உண்டு.

இதைப் படித்தவுடன் நமக்கும் இந்நோய்தான் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், காசநோய், மனச்சோர்வு எனக் களைப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே மருத்துவரிடம் சென்று முதலில் அவற்றைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். 2020 முதல் கோவிட் நோயிலிருந்து மீண்டவர்களில் சிலருக்கும் இதே அறிகுறிகள் காணப்படுவதால், இந்த அறிவு இன்று இன்னும் தேவைப்படுகிறது.

இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லும் முறை முன்பு பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் அதைக் கைவிட்டது. இன்று சொல்லப்படுவது, கையிருப்புக்குள் செலவு செய்யும் குடும்பத்தைப் போல, இருக்கும் சக்திக்குள் அன்றைய வேலைகளை அமைத்துக்கொள்வது. கடன் வாங்கிச் செலவழித்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் அல்லவா?

சோம்பலுக்கும் இந்நோய்க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. இந்நோயாளிகளுக்கு மனம் இருக்கிறது, உடல் இடம் தருவதில்லை. ஒரு நல்ல நாளில் அவர் எழுந்து நடமாடுவதைப் பார்த்து, “நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?” என்று கேட்பது அவரைக் குத்திக் காயப்படுத்தும்.

எனவே நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், “ஏன் வரவில்லை?” என்று கேட்பதை விட்டு, “வந்துபோன பிறகு அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தது?” என்று கேட்போம். மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான், அன்புள்ள அயலார் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அவர் சொல்லும் பதிலை நம்பவும் முன்வருவோமா?