மனைக்கேற்ற மண்

'மனை' என்பது பொருள் பொதிந்த தமிழ்ச் சொல். வீடு எழுப்புதற்குரிய நிலத்தையும் அது குறிக்கும். எழுந்து நிற்கும் வீட்டையும் குறிக்கும். அவ்வீட்டில் நிகழும் இல்லறத்தையும் குறிக்கும். நிலமும் வீடும் வாழ்வும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று கண்ட மக்கள் படைத்த சொல் அது.

மனை கோலுமுன் மண்ணைச் சோதிக்கும் வழக்கமும் நம்மவரிடையே இருந்தது. ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டுவார்கள். தோண்டிய மண்ணையே மீண்டும் அக்குழியில் இட்டுப் பார்ப்பார்கள். மண் மிஞ்சினால் நன்று. குழி மட்டாக நிரம்பினால் நடுத்தரம். மண் போதாமல் குழி தாழ்ந்து நின்றால் அவ்விடம் ஆகாது என்பார்கள். குழியில் நீர் வார்த்து, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதும் உண்டு. மண் இறுகியதா இளகியதா, நீரை ஏற்குமா மறுக்குமா என்று அறிவதற்கான எளிய சோதனைகள் இவை. சாத்திரம் என்ற போர்வைக்குள்ளே பட்டறிவு உறைந்திருந்தது.

சமவெளிக்கு இந்தச் சோதனை ஒருவாறு போதும். மலைநாட்டுக்குப் போதாது. சமவெளியில் வீடு கட்டுபவன் தன் காலடி மண்ணை மட்டும் அறிந்தால் அமையும். மலையில் கட்டுபவனோ தலைக்கு மேலுள்ள மண்ணையும் அறிய வேண்டும்.

நானுஓயாவை எடுத்துக்கொள்வோம். 1885இல் இருப்புப்பாதை எட்டிய இந்தப் புகையிரத நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5300 அடி உயரத்தில் அமைந்திருக்கிறது. நுவரெலியாவின் கிரகரி வாவியிலிருந்து வழியும் நீர் நானு ஓயாவாகி, மலையிடுக்குகளில் இறங்கிக் கொத்மலை ஓயாவுடன் கலந்து மகாவலியைச் சேர்கிறது. இருமருங்கும் தேயிலை மலைகள். அவற்றின் முகடுகளிலும் செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் திட்டுத் திட்டாக மரக்காடு. புகையிரதத்தின் சாளரத்தருகே அமர்ந்து செல்லும் பயணி அக்காட்டின் அழகை வியந்தவாறே கடந்துவிடுகிறான். கீழே லயத்தில் வாழ்ந்துகொண்டு, தனக்கென்று ஒரு துண்டு காணி கிடைக்குமா என்று காத்திருப்பவனோ, அதே காட்டை வேறு கண்ணோடு பார்க்கிறான். 'நம் வீடு அங்கேதான் வருமாம்' என்ற பேச்சு அவன் காதில் விழுந்திருக்கிறது.

லயத்தின் கதை அறியாதார் யார்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான அறைகளை வரிசையாக அடுக்கி, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையென வகுத்தது குடியேற்றக் கால ஏற்பாடு. கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. துரைமார் போயினர், 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இத்தனை மாற்றத்துக்குப் பின்னும், எண்ணற்ற குடும்பங்களுக்கு அந்த அறை மாறவில்லை.

மாற்றம் தொடங்கியதும் உண்மையே. குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை 2015ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது. இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் முதலில் 4000 வீடுகள் என்று திட்டமிடப்பட்டது. 2017 மே 12இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10000 வீடுகளை அறிவித்தார். பெருந்தோட்டப் பிராந்தியத்திற்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வரிசை அறைக்குப் பதிலாக 550 சதுர அடித் தனி வீடு என்பது சிறிய முன்னேற்றமன்று.

ஆயினும், எந்த மண்ணில்?

தேயிலை செழித்து வளரும் நிலத்தைக் கம்பனி எளிதில் விட்டுக்கொடுக்குமா? கொழுந்து தரும் ஒவ்வோர் ஏக்கரும் அதற்கு வருமானம். ஆகவே வீட்டுக்கு நிலம் கேட்டால், நிருவாகத்தின் விரல் முதலில் நீள்வது தேயிலை இல்லாத இடத்தை நோக்கியே. அது பெரும்பாலும் மரக்காடு. அல்லது கைவிடப்பட்டுக் காடேறிய பழைய தேயிலை மலை. கணக்குப் புத்தகத்தில் அது பயனற்ற நிலம்.

இவ்விடத்தில் கேட்கவேண்டிய முதல் வினா மிக எளியது: அந்த நிலத்தில் தேயிலை ஏன் இல்லை? நூற்றைம்பது ஆண்டுகளாக அங்குலம் அங்குலமாகத் தேயிலை நட்டவர்கள் இந்தத் திட்டை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? சரிவு மிகச் செங்குத்தாக இருந்திருக்கும்; அல்லது பாறையும் உருண்டைக் கல்லும் நிறைந்திருக்கும்; அல்லது ஊற்றெடுத்து எந்நாளும் சதுப்பாயிருக்கும்; அல்லது ஓடையின் கரையாக இருக்கும். இவையொன்றும் இல்லையெனில், தேயிலைக் கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டி மரம் நட்டிருப்பார்கள். ஐந்து காரணங்களுள் முதல் நான்கும், அங்கே வீடு கட்டலாகாது என்பதற்கும் காரணங்களாகும். தேயிலைத் தூர் நிலைகொள்ள முடியாத இடத்தில் மனிதக் குடும்பம் நிலைகொள்ளும் என்று எண்ணுவது என்ன நியாயம்?

ஆதலால் காடு என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அளத்தல் தவறு. ஓடைக்கரையையும் ஊற்றுக்கண்ணையும் காக்கும் இயற்கைக் காடு ஒன்று. விறகுக்காக நட்ட யூக்கலிப்டஸ் தோப்பு மற்றொன்று. கவ்வாத்தும் களையெடுப்பும் நின்றுபோய்ப் புதர் மண்டிய பழைய தேயிலை மூன்றாவது. முதல் வகையைத் தொடவே கூடாது. அங்கே பிறக்கும் நீர்தான் குழாய் வழியாகவும் பீலி வழியாகவும் கீழுள்ள லயங்களுக்குக் குடிநீராகிறது. மேலே மரத்தை வெட்டி வீடும் மலக்குழியும் அமைத்தால், கீழே உள்ளவர்கள் எதைக் குடிப்பார்கள்? 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என்று 1873ஆம் ஆண்டிலேயே தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் அறிவுரை கூறினார். கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்த ஆட்சியே அதை ஏற்றுக்கொண்டது. நானுஓயா அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, மூன்றாவது வகை நிலங்களை ஆராயலாம். ஆனால் எப்படி ஆராய்வது?

முதலில் சரிவு. வீட்டுக்கு 25 அடி அகலமான சமதளம் வேண்டும் என்று கொள்வோம். நிலம் 10 பாகை சரிந்திருந்தால், அத்தளத்தை வெட்டியெடுக்கும்போது பின்புறம் ஏறக்குறைய நாலரை அடி மண்சுவர் நிற்கும். 20 பாகையெனில் அது ஒன்பது அடி. 30 பாகையெனில் பதினான்கு அடிக்கு மேல். பாதி வெட்டிப் பாதி நிரப்பலாமே என்றால், நிரப்பிய மண் இறுகாத மண். அதன்மேல் நிற்கும் சுவர் வெடிக்கும். ஒரு வீட்டுக்கே இவ்வாறென்றால், படிக்கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஐம்பது வீடுகளுக்கு வெட்டும்போது அம்மலையின் அடிவயிறே அறுபடுகிறது. ஓர் ஏக்கரில் 160 பேர்ச்சஸ். ஆகவே ஏழு பேர்ச்சஸ் வீதம் 22 வீடுகள் அடங்கும் என்று தாளில் கணக்கிடுவது எளிது. பாதைக்கும் கானுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடம் ஒதுக்கிய பின் எத்தனை எஞ்சும் என்பதை மலையின் சரிவே தீர்மானிக்கும்.

அடுத்தது நீர். கோடையில் வந்து நிலம் பார்த்துப் போகிறவர் பாதி நிலத்தையே பார்த்தவராவார். தென்மேற்குப் பருவமழை மலையை நனைத்து ஊறவைத்த நாளில் வந்து பார்க்க வேண்டும். எங்கே புதிதாக ஊற்றுக் கசிகிறது? கலங்கல் நீர் எங்கிருந்து வருகிறது? பழைய கான்கள் தூர்ந்து, நீர் வழிதவறிப் பாய்கிறதா? மண்சரிவு என்பது மண்ணின் குற்றமென்று பலர் நினைக்கின்றனர். வெளியேற வழியின்றி மண்ணுக்குள்ளே அடைபட்ட நீரின் வேலையே பெரும்பாலும் அது.

மூன்றாவது மரம். பார்க்கத் தெரிந்தவனுக்கு மரங்களே சாட்சி கூறும். அடிமரம் கீழ்நோக்கி வளைந்து, பின் மேல்நோக்கி நிமிர்ந்த மரங்கள் வரிசையாக நின்றால், அந்நிலம் பல்லாண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உருண்டைப் பாறைகள் மண்ணோடு கலந்து கிடந்தால், முன்னொரு காலத்தில் மேலிருந்து சரிந்து வந்த மண்ணாக அது இருக்கக்கூடும். ஒருமுறை சரிந்த மண் மறுமுறையும் சரிய வல்லது. மற்றொன்றும் உண்டு. மரத்தை வெட்டிய அன்றே ஆபத்து வருவதில்லை. மண்ணுக்குள்ளே வேர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் அவ்வேர் உளுத்துப் போகும். அப்போதுதான் சரிவு தன் பிடியை இழக்கும். திறப்புவிழா நாளில் உறுதியாய் நின்ற நிலம், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் பருவத்தில் இளகத் தொடங்கும்.

நான்காவது, மேலும் கீழும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மண்சரிவு மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். லயங்கள் நின்ற நிலம் பெயரவில்லை. மேலே இருந்த மலையில் பிறந்த சரிவே அவர்களைத் தேடி வந்தது. அளவைச் சங்கிலி நிற்கும் ஏழு பேர்ச்சஸை மட்டும் பார்த்து ஒரு மனையை நல்லதென்று கூற முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலோ மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை அருகே அந்த லயங்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இல்லை. உயிர் தப்பியவர்களுக்காகப் பூனாகலையில் 75 வீடுகள் 2016இல் எழுந்தன. முன்பே கிடைத்திருக்க வேண்டிய மண் பின்பு கிடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மலைநாட்டின் எத்தனையோ சரிவுகள் ஒரே நேரத்தில் பெயர்ந்தன. மீரியபெத்தை ஒரு தனித்த விபத்து என்று இனி எவரும் கூற இயலாது.

இந்த அறிவு நாட்டில் இல்லாமலில்லை. 1984இல் தோன்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வரைந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் ஆயத்தம், 150ஐ எட்டினால் வெளியேற்றம் என்று படிகளையும் வகுத்துள்ளது. மலைப் பகுதிகளில் கட்டுவதற்கு அதன் சான்றிதழ் வேண்டும். எனவே ஆய்வு செய்வோர் இல்லை என்பது குறையன்று. ஆய்வுக்கு எந்த நிலம் அனுப்பப்படுகிறது என்பதே கேள்வி. தேயிலைக்கு ஆகாத மூன்று சரிவுகளைக் காட்டி, 'இவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுங்கள்' என்றால், ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்? குறைந்த ஆபத்தைத் தேர்ந்தெடுப்பார். அதன் பெயர் பாதுகாப்பு ஆகிவிடுமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். 'இவ்வளவு ஆராய்ந்துகொண்டிருந்தால் வீடு என்று வரும்? லயமும் ஆபத்தான இடத்தில்தானே நிற்கிறது?' என்பர். நியாயமான மறுப்பே. காட்டைக் காக்கவேண்டும் என்று கூறி மனிதனைப் பத்தடி அறையிலேயே விட்டுவைப்பது அறமாகாது. ஆனால் காடு அல்லது லயம் என்று இரண்டே வழிகள் இருப்பதாக எண்ணுவதுதான் பிழை. மூன்றாவது வழி கண்ணெதிரே பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கிறது: அது தேயிலை மலை.

2024 ஜூலை 30இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை மண்சரிவு அழித்தது. எஞ்சியோருக்குப் புதிய ஊர் அமைக்கக் கேரள அரசு கல்பற்றாவில் எல்ஸ்டன் தேயிலைத் தோட்டத்தின் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது. 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. தேயிலையை அகற்றி மக்களுக்கு மனை வகுத்தது. குடும்பத்துக்கு ஏழு சென்ற். அதாவது ஏறக்குறைய 3050 சதுர அடி. நமது ஏழு பேர்ச்சஸோ 1900 சதுர அடி அளவே. இரண்டும் ஏழுதான், ஆனால் ஏழுக்கும் ஏழுக்கும் எவ்வளவு தூரம்!

நானுஓயாவின் தேயிலை மலைகளிலும் பாதையோரமாக, பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் அண்மையில், மென்சரிவான நிலங்கள் உண்டு. அவற்றுள் சில ஏக்கர்களை விடுத்தால் தோட்டம் கெட்டுவிடாது. தொழிலாளியின் உறக்கம் நல்லதாயின் தோட்டத்துக்கும் அது நன்மையே. கைவிடப்பட்ட தேயிலையுள் சரிவு குறைந்தவற்றையும், விறகுத் தோப்புகளுள் தகுதியானவற்றையும் அடுத்தபடியாக ஆராயலாம். இயற்கைக் காட்டை விட்டுவிடலாம். ஆராய்ச்சி முடிவைத் தமிழில் எழுதி, குடியேறப் போகிறவர்களின் கையில் கொடுக்க வேண்டும். எந்த மலையில் எந்த ஆண்டு கான் உடைந்தது, எந்தப் பாறைக்கடியில் மழைக்காலத்தில் ஊற்று எழும்பும் என்பதை, நாள்தோறும் அம்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அறிவார்கள். அவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும். வரைபடத்தில் விழாத செய்தி அவர்கள் நினைவில் இருக்கும்.

இம்மலைகளைத் திருத்தியவர்கள் அவர்கள் முன்னோர். நல்ல மண் எதுவென்று கண்டு தேயிலைக்குக் கொடுத்தவர்களும் அவர்களே. அந்த நல்ல மண்ணில் ஒரு பங்கைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லையா? நள்ளிரவில் கூரைமேல் மழை கொட்டும்போது, குழந்தையை அணைத்துக்கொண்டு அஞ்சாமல் உறங்கக்கூடிய இடமே மனை. எத்தனை வீடுகள் கட்டினோம் என்று கணக்குக் காட்டும் அதிகாரிகளும் தலைவர்களும், அவற்றுள் எத்தனை வீடுகளில் அந்த உறக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கூறுவார்களாக.