ஒரு முகமாய் நிற்கும் வாயு



விடியற்காலையில் பெரட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டு நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடத் தொடங்கியதும் எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பும். லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்கு இக்காட்சி நினைவிருக்கும். ஒரு கண்ணாடிக் குப்பியிலுள்ள கோடானுகோடி வாயு அணுக்களையும் இப்படித் திருப்பலாம். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

எதற்காகத் திருப்ப வேண்டும்? அணுவின் கருவிலுள்ள புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பம்பரத்தைப் போலத் தற்சுழற்சி உண்டு. பம்பரம் என்பது ஓர் உவமைதான். அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்துகள்களுக்குள் குவார்க்குகள் என்னும் நுண்துகள்கள் இருக்கின்றன. சுழற்சியில் பெரும்பகுதி அவற்றின் சுழற்சியே என்று அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். 1988-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முடிவு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. புரோட்டானின் சுழற்சியில் குவார்க்குகளின் சுழற்சி தரும் பங்கு நூற்றுக்குச் சுமார் 30 என்பது பிற்கால அளவீடு. மீதி எங்கிருந்து வருகிறது? நியூட்ரானிலும் இதே கதைதானா?

இதை அறிய, எலெக்ட்ரான் கற்றையை நியூட்ரான்மீது மோதவிட்டு, அது சிதறும் விதத்தைப் பார்க்க வேண்டும். அடிபடும் துகள்கள் கண்டபடி நின்றால் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும். தனி நியூட்ரானைச் சேர்த்துவைக்கவும் வழியில்லை. சராசரியாகக் கால்மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஆகவே ஹீலியம்-3 என்ற வாயுவை எடுத்தார்கள். அதன் கருவில் இரண்டு புரோட்டான், ஒரு நியூட்ரான். புரோட்டான்கள் பெரும்பாலும் எதிரெதிராகச் சுழன்று ஈடாகிவிடும். எஞ்சுவது நியூட்ரானின் சுழற்சி.

இனி, திருப்பும் வேலை. சாதாரண வெப்பத்தில் காந்தம் மட்டும் போதாது, ஒளி வேண்டும். ஒளித்துகளுக்கும் சுழற்சி உண்டு என்று 1931-இல் சோதனை வழியே காட்டியவர்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனும் அவருடைய மாணவர் பகவந்தமும். அந்தச் சுழற்சியை அணுவுக்கு மாற்றும் முறையைப் பிரான்சின் கஸ்லர் வகுத்தார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

குப்பிக்குள் ஹீலியத்தோடு சிறிது ருபீடியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள். (பெயரைக் கேட்டு நம் ரப்பரோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.) சூடாக்கினால் அது ஆவியாகும். லேசர் ஒளி ருபீடியத்தைத் திருப்பும். ருபீடியம் மோதி மோதி ஹீலியத்தைத் திருப்பும். பல மணி நேரம் பிடிக்கும். திரும்பியதைக் காப்பது அதைவிடப் பெரிய பாடு. மங்கு அழுக்காயிருந்தால் பால் முன்கூட்டியே உறைந்துவிடுமல்லவா? அதுபோலக் கண்ணாடிச் சுவரில் இம்மி இரும்புத்தூள் இருந்தாலும், அங்கே மோதும் அணுக்கள் திசை மாறிவிடும். குப்பி செய்பவரின் கைச்சுத்தத்தில்தான் பாதி வெற்றி.

1992-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் இத்தகைய இலக்கின்மேல் எலெக்ட்ரான்களைச் செலுத்தினார்கள். அப்போது நூற்றுக்குச் சுமார் 33 அளவுக்குத்தான் ஒருமுகம் கிடைத்தது. பின்னர் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடத்தில் அது 50-ஐத் தாண்டியது. இவற்றையும் பிற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, நியூட்ரானிலும் குவார்க்குகளின் சுழற்சி மட்டும் கணக்கைத் தீர்க்கவில்லை என்று தெளிவாயிற்று.

இதே வித்தை மருத்துவத்துக்கும் வந்தது. ஒருமுகமாக்கிய வாயுவை மூச்சில் இழுத்தால், காந்தப் படக்கருவியில் நுரையீரலின் எந்தப் பகுதிக்குக் காற்று போகவில்லை என்று தெரியும். ஆனால் ஹீலியம்-3 அரிய சரக்கு. அணுகுண்டுகளுக்காகத் தயாரித்த டிரிட்டியம் சிதைவதால் கிடைப்பதே பெரும்பகுதி. 2008-க்குப் பிறகு தட்டுப்பாடு கடுமையானது. மருத்துவர்கள் காற்றிலிருந்தே பிரித்தெடுக்கும் செனான் வாயுவுக்கு மாறினார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்கா அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது.